எந்தப் பல்கலைக்கழகம் நல்லது? கேட்டவர்களுக்காகக் கொஞ்சம் வரலாறு



பிளஸ் டூ முடிவு வந்ததிலிருந்து பலரும் கேட்கிற கேள்வி, "மெட்ராஸ் யுனிவர்சிட்டியா, பாரதிதாசனா, பாரதியாரா, எதில் சேர்த்தால் பிள்ளைக்கு நல்லது?" தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படியுங்கள்.

பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி இருக்கிறது. 1923இல் தொடங்கியது. அந்த ஊரில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தாத்தா 1960இல் அங்கே பி.ஏ. முடித்திருந்தால் அவர் சான்றிதழில் சென்னைப் பல்கலைக்கழகம் என்று இருக்கும். மகன் 1985இல் முடித்திருந்தால் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். பேரன் 2005இல் முடித்திருந்தால் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். மூவரும் நுழைந்தது ஒரே வாசல். கல்லூரி ஓர் அடிகூட நகரவில்லை. மூன்று பட்டங்களில் எது உயர்ந்தது என்று அந்த வீட்டில் சண்டை போட்டால் எப்படி இருக்கும்?

இந்தக் குழப்பம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டுமானால் 1857க்குப் போக வேண்டும். அதற்கும் முன்பே, 1839இல், சென்னை மாகாணத்து மக்கள் எழுபதாயிரம் பேர் கையெழுத்திட்டு, எங்களுக்கு உயர்கல்வி வேண்டும் என்று ஆளுநர் எல்பின்ஸ்டனிடம் மனுக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் எழுபதாயிரம் கையெழுத்து எப்படித் திரட்டினார்கள் என்று யோசித்தால் எனக்கு இன்றும் வியப்புதான். பிறகு 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை. அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று இடங்களில் பல்கலைக்கழகம் வந்தது. வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே ஆண்டு. செப்டம்பர் 5இல் சென்னைக்கான சட்டம் நிறைவேறியது.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மூன்றுக்கும் மாதிரி லண்டன் பல்கலைக்கழகம். அதன் வேலை பாடம் நடத்துவது அன்று. தேர்வு வைப்பது, பட்டம் கொடுப்பது. பாடம் நடத்துவதைக் கல்லூரிகள் பார்த்துக்கொள்ளும். ஆக நம் ஊர்ப் பல்கலைக்கழகம் பிறக்கும்போதே தேர்வுத்துறையாகத்தான் பிறந்தது. முதன்முதலில் பி.ஏ. தேறியவர்கள் இருவர், இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள், சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும். கலித்தொகையை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளைதான் அவர் என்பதைத் தமிழ் படித்த பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடற்கரையில் சிசோம் கட்டிய அழகான செனட் மண்டபம் 1879இல்தான் முடிந்தது. வகுப்பு நடத்துவதற்காகக் கட்டிய கட்டடமாக அது இருக்கவில்லை.

பல்கலைக்கழகங்கள் தாங்களே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்று 1904ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது. அதற்குப் பிறகு மெல்ல மெல்லத்தான் துறைகள் வந்தன. 1914இல் எஸ். கிருஷ்ணசாமி அய்யங்கார் இந்திய வரலாற்றுக்கு முதல் பேராசிரியர் ஆனார். அவருக்குப் பின் நீலகண்ட சாஸ்திரி. சோழர் வரலாறு என்று நாம் வகுப்பில் நடத்துவதில் பெரும்பகுதி அவர் அந்தத் துறையில் உட்கார்ந்து எழுதியதிலிருந்து வந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகத் தமிழ்ப் பேரகராதி வெளிவந்ததும் சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்துதான்.

ஆக ஒரே பெயருக்குள் இரண்டு பல்கலைக்கழகங்கள். தேர்வு வைக்கிற ஒன்று, அறிவை வளர்க்கிற இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே மனிதர் வாழ்க்கையில் பார்க்க வேண்டுமானால் ராமானுஜன் இருக்கிறார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் மனம் போகவில்லை, உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பனில் சேர்ந்தும் எஃப்.ஏ. தேறவில்லை. தேர்வு வைக்கிற பல்கலைக்கழகம் அவரைத் தேறாதவர் என்று எழுதிவிட்டது. துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1913இல் ஹார்டிக்குக் கடிதம் போன பிறகு, பட்டமே இல்லாத அந்த இளைஞருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது எது தெரியுமா? அதே சென்னைப் பல்கலைக்கழகம்தான். எத்தனை வகுப்பில் இதைச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

தேர்வு வைக்கிற பல்கலைக்கழகத்துக்கு எல்லைக்கோடு வேண்டும். எந்தக் கல்லூரி யாருக்குக் கீழ் என்று சொல்ல வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்கச் சென்னைதான். 1916இல் மைசூர், 1918இல் உஸ்மானியா, 1926இல் ஆந்திரா, 1937இல் திருவிதாங்கூர் என்று பல்கலைக்கழகங்கள் வர வரச் சென்னையின் எல்லை சுருங்கியது. தமிழ்நாட்டுக்குள்ளும் அதே கதை. 1966இல் தென்மாவட்டக் கல்லூரிகள் மதுரைக்குப் போயின. முதல் துணைவேந்தர் தெ.பொ.மீ.; பின்னால் மு.வ.வும் அந்த நாற்காலியில் இருந்தார். 1982இல் கோவையிலும் திருச்சியிலும் இருந்த சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை மையங்கள் பாரதியார், பாரதிதாசன் என்று தனிப் பல்கலைக்கழகங்கள் ஆயின. 1990இல் மதுரையிலிருந்து நெல்லை பிரிந்தது. 1997இல் சேலத்தில் பெரியார், 2002இல் வேலூரில் திருவள்ளுவர். இப்போது சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு மிச்சம் சென்னையும் சுற்றியுள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களும்தான்.

இதற்கு விலக்காக இருந்தது சிதம்பரம். ராஜா அண்ணாமலை செட்டியார் 1920இல் மீனாட்சி கல்லூரி தொடங்கினார்; அது 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. வெளியே கல்லூரிகள் கிடையாது. ஆசிரியர், மாணவர், விடுதி, நூலகம் எல்லாம் ஒரே வளாகம். அண்ணாமலையில் படித்தேன் என்றால் அங்கேயே இருந்து படித்தேன் என்று பொருள். (1979க்குப் பிறகு தொலைநிலைக் கல்வி வந்ததால் இதிலும் மாற்றம் வந்தது. மதுரையில் அஞ்சல்வழி 1971லேயே வந்துவிட்டது. ஆசிரியர் பயிற்சி மட்டும் முடித்து வேலைக்கு வந்த என் தலைமுறை ஆசிரியர்கள் எத்தனையோ பேர் பட்டதாரி ஆனது தபால்காரர் கொண்டுவந்த பாடப்பொட்டலத்தால்தான். அந்தப் படிப்பை இளக்காரமாகப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.) 2013இல் அரசு அண்ணாமலையைத் தன் பொறுப்பில் எடுத்தது. 2021இல் கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கல்லூரிகளும் அதன்கீழ் வந்தன. எனவே இனிமேல் அண்ணாமலைப் பட்டம் என்றாலும், வளாகத்தில் படித்ததா வெளியே கல்லூரியில் படித்ததா என்று கேட்க வேண்டியிருக்கும்.

பொறியியலில் குழப்பம் இதைவிடப் பெரியது. கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் 1794இல் ஒரு நில அளவைப் பள்ளி. அதையும் ஏ.சி. டெக், குரோம்பேட்டை எம்.ஐ.டி., கட்டடக்கலைப் பள்ளி ஆகியவற்றையும் சேர்த்து 1978இல் அண்ணா பல்கலைக்கழகம் அமைந்தது. அதற்கு முன் எம்.ஐ.டி. தனி நிறுவனம். அப்துல் கலாம் அங்கே விமானப் பொறியியல் படித்து வாங்கியது எம்.ஐ.டி.யின் டிப்ளமோ. அதில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரும் இல்லை. அவரிடம் யாரும் எந்த யுனிவர்சிட்டி என்று கேட்டதாகத் தெரியவில்லை!

2001 வரை அண்ணா பல்கலைக்கழகம் என்றால் அந்த நான்கு இடங்கள்தான். அதனால் அந்தப் பெயருக்கு மதிப்பு ஏறியது. 2001இல் மாநிலம் முழுவதும் உள்ள பொறியியல் கல்லூரிகளை அதன்கீழ் கொண்டுவந்தார்கள். கோவை பி.எஸ்.ஜி. டெக் முதலில் சென்னை, பிறகு பாரதியார், பிறகு அண்ணா. 2007இல் அண்ணாவைக் கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள், சில ஆண்டுகளில் திரும்பச் சேர்த்தார்கள். அந்த இடைவெளியில் படித்த பிள்ளைகளின் பட்டத்தில் ஊர்ப்பெயரும் ஒட்டிக்கொண்டது. இன்று நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டத்தில் ஒரே பெயர். கலந்தாய்வுப் பட்டியலில் 1, 2, 3, 4 என்ற எண்கள்தான் பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். பெயரைப் பார்த்து மயங்காமல் எண்ணைப் பாருங்கள். "அண்ணா யுனிவர்சிட்டியில் சீட் கிடைத்துவிட்டது" என்று இனிப்புக் கொடுக்கிற உறவினர் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்வதில்லை.

இன்னொன்று, தன்னாட்சிக் கல்லூரிகள். 1978இல் சென்னை லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற சிலவற்றுக்குத் தன்னாட்சி கிடைத்தது. இப்போது நிறைய இருக்கின்றன. பாடத்திட்டம், வினாத்தாள், திருத்துவது எல்லாம் கல்லூரியே செய்துகொள்ளும். பல்கலைக்கழகம் பட்டத்தில் கையெழுத்துப் போடும், அவ்வளவுதான். 1857இல் தேர்வுக்காகவே பிறந்த பல்கலைக்கழகம், இந்தக் கல்லூரிகளைப் பொறுத்தவரை அந்தத் தேர்வையும் விட்டுவிட்டது.

ஆகவே என் கருத்து இது. இளங்கலைக்கு நீங்கள் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள், பல்கலைக்கழகத்தை மாவட்ட எல்லை தேர்ந்தெடுத்துவிடுகிறது. அந்தத் துறையில் நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர்களை மட்டும் வைத்து ஓடுகிறதா, ஆய்வகம் திறந்திருக்கிறதா, நூலகத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒருநாள் நேரில் போய்ப் பாருங்கள். டி.என்.பி.எஸ்.சி.யும் ஆசிரியர் தேர்வு வாரியமும் சென்னைப் பட்டம், நெல்லைப் பட்டம் என்று தரம் பிரிப்பதில்லை. அவர்கள் பார்ப்பது பாடத்தின் பெயரை. புதுமையாகப் பெயர் வைத்த படிப்பு என்றால், வழக்கமான பாடத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்பதைச் சேருவதற்கு முன்பே விசாரியுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அலைவது கொடுமை.

முதுகலைக்குப் போகும்போது கதை மாறும். அங்கேதான் பல்கலைக்கழகத்தின் பெயருக்கு உண்மையான எடை. மதுரையின் உயிரியல் புலம், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலையின் கடல் உயிரியல் மையம், சேப்பாக்கத்தில் சென்னையின் ராமானுஜன் கணித உயராய்வு நிறுவனம் (அழகப்பச் செட்டியார் 1950இல் தொடங்கியது, பிறகு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது), இவையெல்லாம் அந்தந்தப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பாடம் நடத்தும் இடங்கள். 2024இல் மத்திய அரசின் தரவரிசையில் மாநிலப் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கென்று தனிப் பட்டியல் வந்தபோது அண்ணா பல்கலைக்கழகம் முதலிடம் பெற்றது. கல்லூரிகளுக்கு வேறு பட்டியல். இரண்டையும் கலக்காதீர்கள்.

துறைகள் எல்லாம் செழிப்பாக இருக்கின்றன என்றும் நான் சொல்லமாட்டேன். 2024 தொடக்கத்தில் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை முடக்கிய செய்தியைப் படித்திருப்பீர்கள். 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலி நெடுநாள் காலியாகவே கிடந்தது. எழுபதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டு வாங்கிய நிறுவனம். படிக்கும்போது மனது என்னவோ செய்தது.

கடைசியாக ஒன்று, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். நம் உறவில் ஒரு பையனுக்குக் கும்பகோணம் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கிடைத்திருக்கிறது. 1854இல் தொடங்கிய கல்லூரி. ராமானுஜன் உட்கார்ந்த கல்லூரி. ஒரு காலத்தில் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்றே பெயர். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரத்தில் முடியும். அரசுப் பள்ளியில் படித்தவன், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். அப்பா என்ன நினைக்கிறார் என்றால், சான்றிதழில் பாரதிதாசன் என்று வரும், மெட்ராஸ் என்று வராது, அதனால் கடன் வாங்கிச் சென்னைக்கு வெளியே ஒரு சுயநிதிக் கல்லூரியில் சேர்க்கலாம் என்று. மாப்பிள்ளை, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். அந்தக் கடன் வேண்டாம். பையன் கும்பகோணத்தில் மூன்று வருடம் நன்றாகக் கணக்குப் போடட்டும். எம்.எஸ்சி.க்குச் சேப்பாக்கத்தில் விண்ணப்பம் போடுவோம், நானே கூட வருகிறேன். சேர்க்கைக் கட்டணம் கட்டக் கடைசி நாள் எப்போது என்று இன்று ராத்திரிக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.