என்ன படித்திருக்கிறீர்கள்? – 1880-இல் கும்பகோணத்தில் கேட்ட ஒரு கேள்வி

ஊரை விட்டு வந்த தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி "எந்த ஊர்?", இரண்டாவது "பசங்க என்ன படிக்கிறாங்க?". "நீங்க இப்ப என்ன புத்தகம் படிக்கிறீங்க?" என்று கேட்பவரைக் காண்பது அபூர்வம். 140 வருஷத்துக்கு முந்தி ஒருவர் அதைக் கேட்டார். அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் நம் பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் தமிழ் இலக்கிய வரலாறு வேறாக இருந்திருக்கும்.

கேட்டவர் சேலம் இராமசாமி முதலியார். கும்பகோணத்தில் முன்சீப். கேட்கப்பட்டவர் உ.வே.சாமிநாதையர், வயது 25. அந்த ஆண்டுதான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்திருந்தார். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியனுப்பியதால் முன்சீப்பைப் பார்க்கப் போனார். நாள் 21-10-1880, வியாழக்கிழமை. இதை ஐயரே 'என் சரித்திரம்' நூலில் குறித்து வைத்திருக்கிறார்.

என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்டார். ஐயர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணாக்கர், சும்மா இருப்பாரா? அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று அடுக்கினார். முதலியார் முகத்தில் அசைவில்லை. இதனால் என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி பேசினார். பிறகுதான் சீவகசிந்தாமணி, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்றார். ஐயர் படித்ததில்லை, அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. முதலியார் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து, வந்து பாடம் சொல்லுங்கள் என்றார். முன்சீப்புக்குச் சொல்லித் தருவதற்காகத் தமிழ் வாத்தியார் முதன்முதலாகத் தானே படிக்க ஆரம்பித்தார்.

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் எழுத வந்தது இதற்கு அடுத்த பகுதி. மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை.

ஐயருக்குத் தமிழ் தெரியும், சைவம் தெரியும், வைணவமும் தெரியும். ஆனால் சிந்தாமணி எங்கள் ஜைன நூல். பாட்டைப் பிரிக்கலாம், நச்சினார்க்கினியர் உரையையும் பார்க்கலாம். உள்ளே வரும் சமயச் செய்தி பிடிபடவில்லை. கும்பகோணத்திலேயே ஜைனர்கள் இருக்கிறார்கள் என்று அறிந்து அங்கே போனார். போன வீட்டில் தோரணமும் கோலமுமாக விசேஷக் களை. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து முடித்து இன்று பூர்த்தி என்றார்கள்! பல மாதமாக ஒருவர் படிக்க மற்றவர் கேட்டு, பக்தியோடு நிறைவு செய்த நாள் அது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். கரையான் வாயிலிருந்து சிந்தாமணி மீட்கப்பட்டது என்றுதான் நாம் பேசுகிறோம். பல நூல்களுக்கு அது உண்மை. சிந்தாமணிக்கு அது பாதிதான் உண்மை. கும்பகோணத்து வீட்டில் அது உயிரோடு இருந்தது, பூஜையும் நடந்தது. ஆனால் இரண்டு தெரு தள்ளிப் பாடம் சொன்ன புலவர்களுக்கு அது தெரியாது.

தவறு அவர்கள் பக்கம் மட்டுமா? இல்லை. எங்களவர்கள் படித்தார்கள், வெளியே சொல்லவில்லை. வெளியே சொல்ல பயம் இருந்திருக்கலாம், அதற்கு வரலாற்றில் காரணமும் உண்டு. சோழன் அநபாயன் சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்தான், அவனைத் திருப்பத்தான் சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சேக்கிழார் வரலாறு கூறும் நூலே சொல்கிறது. ராஜா என்ன புத்தகம் படிக்கிறார் என்பது அன்றைக்கு அமைச்சரின் கவலை! இப்படி ஒரு பேச்சு இருந்தால் நூலை வைத்திருப்பவன் வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியமில்லை.

அந்த ஜைனர்களில் சந்திரநாத செட்டியார் என்பவர் ஐயருக்கு நிரம்ப உதவினார். ஐயர் சந்தேகம் கேட்டுக் கேட்டு ஜைன விஷயங்களை நன்றாகவே தெரிந்துகொண்டார். ஒருநாள் அவர் பேச்சை உள்ளேயிருந்து கேட்ட அந்த வீட்டு அம்மாள், இவர் பவ்ய ஜீவனா என்று விசாரித்தாராம். பவ்யன் என்றால் முக்தி அடையும் தகுதியுள்ள ஆத்மா. வேற்றுச் சமயத்தவர் ஒருவர் தங்கள் நூலை இவ்வளவு ஆசையோடு கேட்பதைப் பார்த்து அந்த அம்மாளுக்கு அப்படித் தோன்றியது. ஐயர் இதைப் பெருமையாகவே பதிவு செய்திருக்கிறார்.

1887-இல் சிந்தாமணி நச்சினார்க்கினியர் உரையோடு அச்சாகியது. அதன் முதல் இலம்பகமான நாமகள் இலம்பகத்தை மட்டும் பவர் பாதிரியார் 1868-இலேயே அச்சிட்டிருந்தார். முழு நூல் வந்தது ஐயரால்தான். அதற்குப் பிறகு பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898 என்று வரிசையாக வந்தன. பொழுது போகாமல் ஒரு முன்சீப் கேட்ட கேள்வி என்று நினைத்தால் பிசகு. அவர் தாம் என்ன படிக்க ஆசைப்படுகிறார் என்பதை மறைக்காமல் சொன்னார், கையில் இருந்த பிரதியையும் கொடுத்தார்.

ஜைன சமயத்தில் தானம் நான்கு: உணவு, மருந்து, அபயம், சாஸ்திரம். நூலைப் படி எடுத்துக் கொடுப்பது சாஸ்திர தானம். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் அத்திமப்பே என்ற அம்மையார் பொன்னன் இயற்றிய சாந்திபுராணத்தை ஆயிரம் பிரதி ஓலையில் எழுதுவித்துக் கொடுத்தார். பெங்களூர் அன்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆயிரம் பிரதி! இன்றைக்குக்கூட ஒரு தமிழ்ப் புத்தகம் ஆயிரம் போட்டால் பதிப்பாளர் யோசிக்கிறார்.

எங்கள் வீட்டில் அப்பா ஸ்ரீபுராணம் வாசிப்பார். பொழுது சாய்வதற்கு முன் சாப்பாடு முடிந்துவிடும், அப்புறம் அதுதான் வேலை. மணிப்பிரவாள நடை, பாதி புரியாது. கேட்டுக்கொண்டே தூங்கிப்போவோம். நான் இந்த ஊருக்கு வியாபாரத்துக்கு வந்தபோது அந்தப் புத்தகத்தை எடுத்து வரவில்லை. பின்னாளில் ஊருக்குப் போய்த் தேடினேன், இல்லை. யாருக்குக் கொடுத்தார்கள் என்று சொல்லவும் ஆளில்லை. கரையானைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்யதை?

இங்கே கடைக்கு வருகிறவர்கள், நம் தமிழர்களே, "ஜெயின்னா மார்வாடிதானே, எப்படி இவ்வளவு நல்லாத் தமிழ் பேசறீங்க?" என்று கேட்பதுண்டு. வந்தவாசி, திண்டிவனம், ஆரணிப் பக்கம் போய்ப் பாருங்கள், நயினார் வீடுகள் இருக்கின்றன, மேல்சித்தாமூரில் மடம் இருக்கிறது என்று சொல்வேன். இப்போது அத்துடன் நிறுத்துவதில்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் சிந்தாமணி இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன். துறவி திருத்தக்கதேவர் எழுதியது, ஆனாலும் கல்யாணமாகவே வருவதால் மணநூல் என்று பெயர். கடைசியில்தான் முத்தி இலம்பகம் என்று சொன்னால் சிலர் உட்கார்ந்து கேட்கிறார்கள். ஒருவர் இரவல் கேட்டார். கொடுக்க மனசில்லை, கொடுத்தேன். மூன்று மாதம் கழித்துத் திருப்பித் தந்தார், பழைய செய்தித்தாளில் அட்டை போட்டு.

மொத்தம் 3145 பாட்டு. கடை சாத்திய பிறகு தினம் எட்டுப் பாட்டு, உரையோடு. இப்போது கேமசரியார் இலம்பகம் நடக்கிறது.