மணிலாவின் மதில்

தென்னாற்காட்டுக் குடியானவர்கள் வேர்க்கடலையை மணிலாக்கொட்டை என்றும், பேச்சு வேகத்தில் மல்லாட்டை என்றும் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அமெரிக்கக் கண்டத்துப் பயிராகிய அது ஸ்பானியரின் கப்பலேறிப் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து பிலிப்பைன்ஸ் தீவுகளில் வேரூன்றியது என்பதும், அத்தீவுகளின் தலைநகரமே நம்மவர் வாயில் அதன் பெயராயிற்று என்பதும் படித்து அறிந்த விஷயங்களே. ஆயினும், மணிலாவின் பழைய கோட்டை நகரை ஒரு வழிகாட்டியின் பின்னால் நடந்து பார்த்த அன்றுதான், அந்த ஊருக்கும் சென்னைக்கும் உள்ள சம்பந்தம் ஒரு கடலையோடு முடிந்துவிடவில்லை என்பது என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

அந்தக் கோட்டை நகருக்கு இன்ட்ராமுரோஸ் என்று பெயர். மதிலுக்கு உட்பட்டது என்று பொருள். பாசிக் நதி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மரத்தால் அரண் அமைத்து ராஜா சுலைமான் ஆண்டுவந்த ஊரைக் கைக்கொண்டு, 1571ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் தேதி அதை ஸ்பானிய நகரமாக ஸ்தாபித்தவர் மிகுவேல் லோபஸ் டி லெகாஸ்பி. முதலில் அங்கே எழுந்த வீடுகளும் ஆலயங்களும் மரத்தாலும் மூங்கிலாலும் ஆனவை. 1583இல் கவர்னர் ஒருவரின் ஈமச் சடங்கின்போது தேவாலயத்தில் ஏற்றிவைத்த மெழுகுவர்த்தியிலிருந்து கிளம்பிய அக்கினி ஊர் முழுவதும் பரவிச் சாம்பலாக்கிய பிறகே, நதியின் மேற்பகுதியில் வெட்டிய எரிமலைக் கல்லைப் படகில் கொண்டுவந்து கட்டும் வழக்கம் வேரூன்றியது. ஏறக்குறைய நாலரைக் கிலோமீட்டர் நீளமுள்ள மதிலும் அந்தக் கல்லால் வளர்ந்ததே.

அந்த மதில் யாரை உள்ளே வைத்தது, யாரை வெளியே நிறுத்தியது என்று பார்த்தால் நகரத்தின் ஜீவனம் இன்னதென்று விளங்கிவிடும். 1815 வரையில், மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து வெள்ளி வந்து இறங்குவதும், சீனத்துப் பட்டு அங்கே ஏறிச் செல்வதுமாகிய கப்பல் வியாபாரமே மணிலாவைப் போஷித்தது. பட்டைக் கொண்டுவந்தவர்களும், தச்சு வேலை முதல் அப்பம் சுடுவது வரையில் நகரத்தின் அன்றாடத் தேவைகளை நிறைவேற்றியவர்களும் சீனர்களே. அவர்களோ மதிலுக்கு வெளியே, கோட்டைப் பீரங்கிகளின் குண்டு எட்டும் தூரத்தில், பாரியான் என்ற தனிச் சேரியில் வைக்கப்பட்டார்கள். சோழமண்டலக் கரையின் துணிகளும் அந்தச் சந்தைக்குப் போயின; ஆங்கிலேயரின் கப்பல்களை ஸ்பானியர் அனுமதிக்காமையால், சென்னையிலிருந்த ஆர்மீனிய வர்த்தகர்கள் முதலானோர் தங்கள் பெயரில் சரக்கை ஏற்றிச் சென்றார்கள்.

எங்களுக்கு வழிகாட்டியாக வந்த அம்மையார் சான்டியாகோ கோட்டையிலிருந்து ஆரம்பித்தார். 1896 டிசம்பர் 30ஆம் தேதி அந்நாட்டின் தேசிய வீரர் ஹோசே ரிசால் சுட்டுக் கொல்லப்படுவதற்காக நடந்துபோன பாதையில் பித்தளையில் பாதச் சுவடுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றின் மேல் மிதிக்காமல் ஓரமாகவே நடந்தார் அவர். அதன் பிறகு ஒவ்வொரு தெருவிலும் அவர் காட்டியது பெரும்பாலும் இல்லாத பொருள்களைத்தான். இங்கே ஒரு மடம் இருந்தது, இங்கே ஒரு கலாசாலை இருந்தது, இங்கே ஓர் ஆலயம் இருந்தது என்று அவர் சொல்லச் சொல்ல, 1945ஆம் வருஷத்துப் பிப்ரவரி மாதம் ஜப்பானியரின் கொலைவெறிக்கும் அமெரிக்கப் பீரங்கிகளுக்கும் இடையில் அகப்பட்டுச் சுமார் ஒரு லட்சம் ஜனங்கள் மாண்டுபோன அந்த நகரம், வெற்று மனைகளின் மேல் மறுபடியும் எழுந்து நிற்பதுபோலத் தோன்றியது. பூகம்பங்களையும் அந்த யுத்தத்தையும் தாங்கி ஆலயங்களில் எஞ்சி நிற்பது 1607இல் கட்டி முடிந்த சான் அகுஸ்தின் ஆலயம் ஒன்றே. 1880ஆம் ஆண்டுப் பூகம்பம் அதன் இரு மணிக்கூண்டுகளில் ஒன்றைச் சிதைத்துவிட்டது. வாயிலில் சீனத்துக் கல் சிங்கங்கள் இன்னும் காவல் இருக்கின்றன.

மதிலின் தென்மேற்கு மூலையிலுள்ள சான் டியேகோ கொத்தளத்தின் மேல் ஏறியபோது அம்மையார், ஆங்கிலேயர் உள்ளே புகுந்தது இந்த வழியாகத்தான் என்று சொல்லிவிட்டு நகர முற்பட்டார். என்னால் நகர முடியவில்லை. ஏனெனில் அந்தப் படை இங்கிலாந்திலிருந்து வந்ததன்று. நம் சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டது. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அதற்குள் நின்று போரிட்ட வில்லியம் டிரேப்பரே இந்தப் படையின் சேனாதிபதி. கப்பல்களுக்குத் தலைவர் சாமுவேல் கார்னிஷ். தம் துரைத்தனம் ஸ்பெயினோடு யுத்தம் தொடங்கியிருப்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். மணிலாவுக்கோ அந்தச் சமாசாரமே எட்டவில்லை. 1762 செப்டம்பர் 23ஆம் தேதி குடாவுக்குள் நுழைந்த கப்பல்களைக் கண்டு திகைத்த நகரத்தில் அப்போது கவர்னரும் இல்லை. ஆர்ச் பிஷப் மனுவேல் ரோஹோ என்பவரே அதிகாரத்தை வகித்தார். மதிலுக்கு வெளியே இடிக்காமல் விட்டுவைத்திருந்த மாதா கோவில்களே முற்றுகையாளருக்கு மறைவிடமாயின. பன்னிரண்டு நாள் முற்றுகையில், பீரங்கி அடியால் இந்தக் கொத்தளம் பிளந்தது. அக்டோபர் 6ஆம் தேதி விடியற்காலையில் படை உள்ளே புகுந்தது, கொள்ளை நடந்தது, நகரைக் காக்க நாற்பது லட்சம் வெள்ளி நாணயம் தருவதாக ஆர்ச் பிஷப் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சான் அகுஸ்தின் ஆலயத்திலிருந்த ஏட்டுச் செல்வம் அப்போது சிதறிப்போனதை என்னால் ஒரு யுத்தச் செய்தியாக மட்டும் வாசிக்க முடியவில்லை. ஒரு நகரத்தின் ஞாபகத்தையே பறித்துச் சென்ற குற்றமாகத்தான் அது எனக்குப் படுகிறது.

அந்தச் சேனையில், கும்பினியார் சென்னையில் சேர்த்த சிப்பாய்கள் ஏறத்தாழ 600 பேர் இருந்தார்கள். டிரேப்பர், கார்னிஷ், ரோஹோ என்ற பெயர்கள் சரித்திர நூல்களில் நிலைபெற்றிருக்க, இவர்களோ வெறும் தொகையாகவே நிற்கிறார்கள். எந்த ராஜாவுக்கும் எந்த ராஜாவுக்கும் சண்டை என்பதை அறியாமல், சம்பளத்துக்காகச் சமுத்திரத்தைக் கடந்து, தமக்கு யாதொரு தீங்கும் செய்யாத ஓர் ஊரின் மதிலில் ஏறி, அங்கே சிலர் உயிர்விட்டார்கள்.

1764இல் சமாதானப்படி மணிலாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆங்கிலேயர் வெளியேறியபோது, சிப்பாய்களில் சிலர் கப்பலேற மறுத்தார்கள். மணிலாவுக்குக் கிழக்கேயுள்ள கைன்தா என்ற ஊரில் தங்கி, அவ்வூர்ப் பெண்களை மணந்து, குடியும் குடித்தனமுமாக அங்கேயே கலந்துவிட்டார்கள். அவர்கள் வம்சத்தார் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

அன்று மாலை சாப்பாட்டுக் கடையில், மாட்டு வாலும் கத்தரிக்காயும் சேர்த்துக் காய்ச்சிய கரே-கரே என்ற குழம்பை அம்மையார் எங்களுக்குக் காட்டி, கைன்தாவில் தங்கிப்போன உங்கள் நாட்டுச் சிப்பாய்கள் தம் ஊர்க் கறியை நினைத்துச் செய்து பார்த்ததாம் இது என்று, அங்கே வழங்கும் நம்பிக்கையைச் சொன்னார். தேங்காயும் கொத்தமல்லியும் அதில் இல்லை. குழம்பைக் கெட்டிப்படுத்துவது எது என்று கேட்டேன். வறுத்து அரைத்த மணிலாக்கொட்டை.