தோளில் துப்பாக்கி, இடுப்பில் பண்ணருவாள்

எங்கள் தாத்தா சொல்வார்: "பண்ணாடி ரெட்டக்குழல் துப்பாக்கியத் தோள்ல மாட்டிக்கிட்டு நோம்பிக்கு வருவாரு. போலீஸ்காரன் சலாம் போடுவான். நான் பண்ணருவாளோட வந்தா 'எங்கடா போற'ம்பான்." அறுபதுகளில் ஒருநாள், புல்லறுத்துவிட்டுப் பொழுது சாய்ந்து வளவுக்குத் திரும்பியவரை மறித்து, விடியும்வரை ஸ்டேஷனில் குந்த வைத்தார்கள். வழக்கும் இல்லை, காகிதமும் இல்லை. நாமக்கல் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது.

இது ஒரு போலீஸ்காரனின் குணக்கேடு மட்டுமல்ல. இதற்குப் பின்னால் சரித்திரம் இருக்கிறது. 1878-இல் வெள்ளையன் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு. லைசென்ஸ் கொடுப்பது அதிகாரியின் இஷ்டம். வளவுக்காரன் அந்தப் படியேறி மனுக் கொடுத்திருக்க முடியுமா? இன்னொரு பக்கம், குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சீர்மரபினர் பட்டியலில் சேலம் உப்புக் குறவர், சேலம் மேல்நாட்டுக் குறவர் என்று நம் ஊர்ப்பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1947-இல் மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் சட்டம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சுதந்திர இந்தியாவின் 1959 ஆயுதச் சட்டத்தில் சாதி இல்லை. துப்பாக்கியோடு போகிற எவரிடமும் போலீஸ் லைசென்ஸ் கேட்கலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. காட்டாவிட்டால் பெயர், விலாசம் கேட்கலாம், ஆயுதத்தைப் பறிமுதல் செய்யலாம். பெயர் சொல்ல மறுத்தால், பொய் சொல்வதாகவோ ஓடிவிடுவான் என்றோ சந்தேகம் வந்தால்தான் அந்தப் பிரிவில் கைது. தப்பான காரியத்துக்குக் கொண்டுபோகிறான் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், லைசென்ஸ் இருந்தாலும் கைது செய்யலாம் என்கிறது 20-ஆம் பிரிவு. விவசாயத்துக்கென்றே செய்த கருவி இந்தச் சட்டப்படி ஆயுதமே அல்ல. அப்படியானால், கேட்க வேண்டியவரிடம் கேட்கவில்லை. விட வேண்டியவரை உட்கார வைத்தார்கள்.

பண்ணாடி தோளில் கிடந்தது வெறும் படாடோபம் என்று நினைக்க வேண்டாம். 1968 டிசம்பர் 25 இரவு வெண்மணிக்கு மிராசுதார் கும்பல் துப்பாக்கியோடுதான் வந்தது. 44 பேர் எரிந்துபோனார்கள்.

வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995 இதை அறிந்தே எழுதப்பட்டவை. வன்கொடுமை நடக்கலாம் என்று அடையாளம் கண்ட பகுதியில், தேவையென்று கருதினால் தலித் அல்லாதார், பழங்குடி அல்லாதாரின் துப்பாக்கி லைசென்சை அரசு ரத்து செய்யலாம், துப்பாக்கிகளை அரசு ஆயுதக் கிடங்கில் வைக்கச் செய்யலாம். நம் மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க அவர்களுக்கே லைசென்ஸ் வழங்கலாம். 3-ஆம் விதியைப் பாருங்கள்.

எல்லோரும் துப்பாக்கி தூக்குங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தோழர்களே, உங்கள் பகுதியில் இந்த விதிப்படி எத்தனை லைசென்ஸ் ரத்தானது என்று எழுதிக் கேளுங்கள். கைது என்றால் குறிப்பாணை எழுத வேண்டும், வீட்டாருக்குச் சொல்ல வேண்டும் என்று 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதை வளவுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தாத்தாவுக்கு அதைச் சொல்ல ஆளில்லை. "என்ன தப்பு பண்ணுனேன்னு கேக்கத் தெரியலடா" என்றுதான் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.