அசெம்பிள்டு பெட்டி: புதுக்கோட்டைக்குக் கேமிங் கணினி வந்த வழி

பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய கணினிக்குப் புதுக்கோட்டை வட்டாரத்தில் 'அசெம்பிள்டு' என்றே பெயர். நிறுவனத்தின் பெயரோடு பெட்டி பிரிக்காமல் வருவது 'பிராண்டட்'. 1990களின் பிற்பகுதி முதல், விளையாட்டுக்காகக் கணினி வாங்க நினைத்த நடுத்தர வீடுகளுக்கு அசெம்பிள்டுதான் கைக்கெட்டிய வழி. இருக்கும் தொகையை மதர்போர்டு, பிராசஸர், ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி, மானிட்டர் என்று பங்கிட வேண்டும். எதில் கை வைத்துக் குறைப்பது என்பதற்கு ஒவ்வொரு காலத்திலும் ஒவ்வொரு விடை இருந்தது. அதில் பாகங்களின் விலையைப் போலவே ஊரின் மின்சாரத்துக்கும் வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் சென்னையின் தொலைவுக்கும் பங்கு உண்டு.

சரக்கு வந்த இடம் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வானொலி உதிரிப் பாகங்களில் தொடங்கிய அந்தக் கடைத்தெரு டேப் ரெக்கார்டர், தொலைக்காட்சி என்று மாறி, 1990களில் கணினிக்கு வந்து சேர்ந்தது. பக்கத்தில் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு வரை கடைகள் பரவின. வெளியூர்க் கடைக்காரர்கள் இரவுப் பயணத்தில் சென்னை இறங்கி, பட்டியலோடு கடை கடையாக ஏறி, மறுநாள் இரவே திரும்புவார்கள். அவசரமில்லாத சரக்கு லாரி பார்சலில் பின்னால் வரும். அன்றைக்கு ரிச்சி தெருவில் கிடைக்காத பாகம் புதுக்கோட்டை வாடிக்கையாளருக்கும் இல்லை. அதற்கு 'சமமானது' என்று வந்ததே பெட்டிக்குள் ஏறியது. அறந்தாங்கி, மணமேல்குடிப் பக்கம் இன்னொரு வழியும் இருந்தது. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர் விடுமுறைக்கு வரும்போது சிம் லிம் சதுக்கத்தில் வாங்கிய கார்டையோ ரேமையோ துணிமணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவருவார். விலை குறைவு, பழுதானால் இங்கே வாரண்டி கேட்க முடியாது.

பாகங்களின் விலை பிறகு இறங்கியதில் அரசின் முடிவுக்கும் பங்குண்டு. 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்பாட்டில் இந்தியா சேர்ந்தது; 2005க்குள் கணினிப் பாகங்களின் சுங்கவரி படிப்படியாக நீங்கியது. அதே 2005இல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் தொடங்கியது. அதுவரை பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடிய பிள்ளைகள் வீட்டிலும் கணினி கேட்கத் தொடங்கியிருந்தார்கள்.

அந்தக் காலத்தில் பலருடைய பணம் வீணானது மதர்போர்டில்தான். இன்டெல் 1999இல் விட்ட 810 சிப்செட்டில் கிராபிக்ஸ் உள்ளேயே இருந்தது. கார்டுச் செலவு மிச்சம் என்று விற்கப்பட்டது. ஆனால் அந்தப் போர்டில் கார்டு மாட்டும் ஏஜிபி ஸ்லாட் கிடையாது. பென்டியம் 4 காலத்து 845ஜிஎல் போர்டுகளுக்கும் இதே குறை. இரண்டு ஆண்டு கழித்துக் காசு சேர்த்துக் கார்டு வாங்கியவர், அதை மாட்ட இடமில்லாமல் போர்டையும் சேர்த்து மாற்ற நேர்ந்தது. 2003இல் கணினிக்கு வந்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி' 32 எம்பி கிராபிக்ஸில் ஓடியதால் குறை மறைந்திருந்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்த 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம்' கார்டுக்குள் பிக்ஸல் ஷேடர் என்ற வசதியைக் கேட்டது. அப்போதுதான் ஜிஃபோர்ஸ்4 எம்எக்ஸ் கார்டு வாங்கியவர்களுக்கும் உண்மை தெரிந்தது. பெயரில் நான்கு என்று இருந்தாலும், 2001இல் வந்த ஜிஃபோர்ஸ்3இல் இருந்த பிக்ஸல் ஷேடர் அதில் இல்லை. விளையாட்டு தொடங்கவே மறுத்தது.

இந்தப் பெயர் மயக்கம் பின்னால் 'எத்தனை ஜிபி கார்டு' என்ற கேள்வியாக மாறியது. கடையிலும் வீட்டிலும் இந்த ஒரு கேள்வியே கேட்கப்பட்டது. அதன் விளைவு 2014இல் வந்த ஜிடி 730இல் தெளிவாகத் தெரியும். ஒரே பெயரில் பல வகைகள் விற்கப்பட்டன. அவற்றில் 4 ஜிபி டிடிஆர்3 வகையைவிட 1 ஜிபி ஜிடிடிஆர்5 வகை விளையாட்டில் வேகமானது. நினைவகத்தின் அளவு பெரிதானாலும் அதற்குள் தகவல் போய்வரும் வேகம் குறைவு என்பதே காரணம். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருந்தது அளவு. வேகத்தைக் காட்டும் நினைவக வகை சிறிய எழுத்தில் இருந்தது. விவரம் சொல்ல ஆளில்லாத ஊர்களில் பெரிய எழுத்தே விற்றது. விவரம் சொல்லியிருக்க வேண்டியவர் விற்றவர்தான்.

மின்சாரம் தனிக் கதை. 2008 முதல் தமிழ்நாட்டில் மின்தட்டுப்பாடு முற்றி, 2012இல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தது. யுபிஎஸ் இல்லாமல் கணினி வாங்குவது பொருளற்றதாயிற்று. வீடுகளில் பரவலாக இருந்த 600 விஏ யுபிஎஸ் தாங்குவது ஏறக்குறைய 360 வாட். பழைய டியூப் மானிட்டரும் அதிகம் உறிஞ்சும் கார்டும் சேர்ந்தால், மின்சாரம் போனவுடனே அது கத்தி அணைந்துவிடும். இந்த ஊருக்கென்றே செய்ததுபோல 2014 பிப்ரவரியில் ஜிடிஎக்ஸ் 750 டிஐ வந்தது. 2011இன் ஜிடிஎக்ஸ் 550 டிஐ 116 வாட் கேட்டபோது, அதைவிட வேகமான இந்தக் கார்டுக்கு 60 வாட் போதும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயரும் வேண்டாம். பட்ஜெட் கேமிங் வரலாற்றில் தமிழ்நாட்டின் சிறு நகரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான கார்டு வந்ததில்லை என்று துணிந்து சொல்லலாம்.

தனி வயர் வேண்டாம் என்பது ஏன் பெரிய விஷயம் என்றால், எஸ்எம்பிஎஸ் பெரும்பாலும் கேபினெட்டோடு 'சேர்த்து' வந்த பொருள். அதன் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருக்கும். அவ்வளவைத் தொடர்ந்து தராது. பட்டியலில் இறுதியாக எழுதப்பட்டு முதலில் வெட்டப்பட்டது இதுதான். மின்னழுத்தம் ஏறி இறங்கும் கிராமத்து லைனில், 40 டிகிரியை நெருங்கும் கோடையில், மலிவான எஸ்எம்பிஎஸ் போகும்போது தனியாகப் போகாது; போர்டையும் கார்டையும் இழுத்துக்கொண்டு போகும். 2000களின் தொடக்கத்தில் உலகம் முழுவதும் தரமற்ற மின்தேக்கிகள் போர்டுகளில் உப்பி வெடித்தன. உப்பியதைப் பற்றவைப்பானால் எடுத்துவிட்டுப் புதியது வைத்த பலர் ரேடியோ, டிவி மெக்கானிக்காக இருந்து கணினிக்கு வந்தவர்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற கரையோர ஊர்களில் உப்புக்காற்று ரேமின் பித்தளை நிறப் பட்டைகளைக் கறுக்கவைக்கும். கணினி 'பீப்' என்று கத்தி நின்றால் ரேமைக் கழற்றிப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவதே முதல் வைத்தியம். இன்றும் பலிக்கும் வைத்தியம் அது.

2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசுப் பள்ளிகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் ஏராளமான வீடுகளுக்கு அதுவே முதல் கணினி. டைப்பிங், படிப்பு, பழைய விளையாட்டு எல்லாம் அதிலேயே முடிந்ததால் மேசைக் கணினிக் கடைகளின் சாதாரண வியாபாரம் சுருங்கியது. அசெம்பிள்டு கேட்டு வருபவர் பெரும்பாலும் விளையாட்டுக்காரராகவோ, போட்டோ ஸ்டுடியோ, வீடியோ எடிட்டிங் வேலைக்காரராகவோ இருந்தார்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது 20 அங்குலத்துக்கு மேற்பட்ட மானிட்டருக்கு 28 சதவீத வரி. அதனால் சிறிய மானிட்டரோடு நிறுத்திக்கொண்டவர்கள் உண்டு. 2019 ஜனவரி முதல் 32 அங்குலம் வரை 18 சதவீதமானது. கார்டு விலையோ கிரிப்டோ சுரங்கக்காரர்களால் 2017இலும் மீண்டும் 2021இலும் எட்டாத உயரம் போயிற்று. அந்த இடைவெளியில் சிறு பட்ஜெட்டைக் காப்பாற்றியது 2018 பிப்ரவரியில் ஏஎம்டி விட்ட ரைசன் 3 2200ஜி. பிராசஸருக்குள்ளேயே விளையாடத் தக்க கிராபிக்ஸ். அது ரேமையே தன் நினைவகமாக எடுத்துக்கொள்வதால், 8 ஜிபி ரேம் ஒன்று போடுவதைவிட 4 ஜிபி இரண்டு போட்டால் விளையாட்டு கண்ணுக்குத் தெரியும் அளவு வேகமாக ஓடும். செலவில் பெரிய வேறுபாடு இல்லை. தெரிந்து கேட்க வேண்டும், அவ்வளவே.

2022 செப்டம்பர் 15 அன்று கிரிப்டோ நாணயமான எத்தீரியம் சுரங்க முறையைக் கைவிட்டதும் பயன்படுத்திய கார்டுகள் சந்தையில் குவிந்து விலை இறங்கியது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு மையங்களின் தேவையால் ரேம் விலை ஏறியது. தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், 2200ஜி பூட்டிய பி450 போர்டில் பயாஸைப் புதுப்பித்து 2022இல் வந்த ரைசன் 5 5600ஐ அப்படியே உட்காரவைக்கலாம். பழைய டிடிஆர்4 ரேமும் அப்படியே வேலை செய்யும். அத்தகைய பெட்டி வைத்திருப்பவர் அதை எடைக்குப் போட வேண்டாம். மிச்சமாகும் பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கினால் போதும்.