இலையில் பிறக்கும் செடியும் நீளிரவில் அரும்பும் பூவும்

தமிழ்நாட்டு நாற்றுப்பண்ணைகளில் தை, மாசி மாதங்களில் சிவப்பும் மஞ்சளும் செம்மஞ்சளுமாகக் கொத்துக் கொத்தாய்ப் பூத்து விற்பனைக்கு வரும் கலஞ்சோ என்ற தொட்டிச் செடியும், கொல்லைப்புறத்தில் கைமருந்துக்காக வளர்க்கப்படும் ரணகள்ளியும் ஒரே பேரினத்தின் இரண்டு இனங்கள் என்பதை வாங்குவோரில் பலர் அறிவதில்லை. முன்னது பூவுக்காக விலை கொடுத்து வாங்கப்படுகிறது. பின்னது விலையின்றி ஒரு வீட்டிலிருந்து மறு வீட்டுக்கு ஓர் இலையாகவே போய்ச் சேர்கிறது. அந்த இலையை நூலில் கட்டிச் சுவரில் தொங்கவிட்டாலும் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைப்பதால், ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றே மக்கள் வழக்கில் அதற்குப் பெயர் வழங்குகிறது. மண்ணும் நீருமின்றித் தன்னைப் பெருக்கிக்கொள்ளும் அந்த ஆற்றலும், இரவின் நீளத்தை அளந்து பூக்கும் இன்னோர் ஆற்றலும் சேர்ந்தே இப்பேரினத்தின் இருநூறாண்டு வரலாற்றை உருவாக்கின. அவ்வரலாற்றின் முன்வரிசையில் நிற்பவர்கள், ஆய்வகங்களும் வணிகமும் வருமுன்பே செடியைத் தம் அருகில் வைத்து நாள்தோறும் கவனித்தவர்கள்.

கலஞ்சோப் பேரினத்துக்கு அப்பெயரைத் தாவரவியல் நூலில் நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் மிஷெல் அதான்சோன், ஆண்டு 1763. கிராசுலேசி என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இப்பேரினத்தில் ஏறத்தாழ 150 இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை மடகாஸ்கர் தீவிலும் கிழக்கு, தென் ஆப்பிரிக்காவிலும் வளர்பவை. இவை சதைப்பற்றுத் தாவரங்கள், அதாவது மழை பெய்யும் காலத்தில் இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து, வறண்ட மாதங்களை அச்சேமிப்பைக் கொண்டே கடப்பவை. கள்ளி என்ற சொல் இவற்றுள் சிலவற்றுக்கு வழங்கினாலும், முள்ளும் பாலும் உடைய கள்ளிச் செடிகளுக்கும் இவற்றுக்கும் உறவில்லை.

மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட ரணகள்ளி 1786-இல் பிரெஞ்சு அறிஞர் லாமார்க்கால் அறிவியல் பெயர் பெற்றது. 1805-இல் இலண்டனில் ரிச்சர்ட் சாலிஸ்பரி அதே செடியைப் பிரயோபில்லம் என்ற புதிய பேரினமாக வகைப்படுத்தினார். இலையில் முளைப்பது என்னும் பொருள்பட அமைந்த அப்பெயர் இன்றும் மருந்து நூல்களில் நிலைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்போதே இச்செடி இந்தியத் தோட்டங்களுக்கு வந்துவிட்டிருந்தது. கப்பலில் மாதக்கணக்காகப் பயணம் செய்த செடிகளில் பெரும்பகுதி உப்புக்காற்றாலும் நன்னீர்ப் பஞ்சத்தாலும் கருகிப்போன அக்காலத்தில், மண்தொட்டியோ தண்ணீரோ வேண்டாத ஓர் இலை எளிதில் கடல் கடந்தது என்பதில் வியப்பில்லை.

இச்செடியைப் பற்றிய அறிவியலில் சென்னை மாகாணத்துக்கு ஒரு சிறப்பான இடம் உண்டு. சாக்சனி நாட்டில் பிறந்த பெஞ்சமின் ஹெய்ன், மொரேவியச் சகோதரர் சபையின் பணியாளராகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளராகச் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் பெங்களூரின் லால்பாக் தோட்டத்தையும் சில காலம் பார்த்துக்கொண்டவர். அவர் 1813-இல் ஏ. பி. லாம்பர்ட் என்ற ஆங்கிலேயத் தாவர அறிஞருக்கு எழுதிய கடிதமொன்றை இலண்டன் லின்னேயன் சங்கம் 1815-இல் தன் ஆய்வேட்டில் வெளியிட்டது. ரணகள்ளியின் இலையைக் காலையில் மென்றால் சுக்காங்கீரையைப் போலப் புளிக்கிறது, வெயில் ஏற ஏறப் புளிப்புக் குறைகிறது, நண்பகலில் சுவையே இல்லாமல் போகிறது, மாலையில் சற்றே கசக்கிறது என்பதே அக்கடிதத்தின் சாரம். கருவி எதுவும் இல்லாமல், நாவையே கருவியாகக் கொண்டு செய்யப்பட்ட ஆய்வு இது. ஒரே செடியின் இலையைப் பொழுதுக்குப் பொழுது சுவைத்துப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே பெரிது. தோன்றியதைச் செய்து, வேறுபாட்டைப் பதிவும் செய்த ஹெய்னின் பெயரைத் தமிழ்நாட்டுத் தாவரவியல் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும். அவர் 1819-இல் சென்னையில் காலமானார்.

இலை இரவில் பிராணவாயுவை உள்ளிழுத்துப் புளிப்பேறுகிறது என்று ஹெய்ன் கருதினார். அவர் கண்ட நிகழ்வு உண்மை, சொன்ன காரணம் மட்டுமே பிழை. இரவில் இலைக்குள் புகுவது கரியமிலவாயு. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து அவ்வாயுவை எடுத்துக்கொள்கின்றன. அப்போது இலையிலிருந்து நீரும் ஆவியாகி வெளியேறுகிறது. வறண்ட நிலத்துச் செடிக்கு அந்த இழப்பு கட்டுப்படியாகாது என்பதால், கலஞ்சோ போன்றவை குளிர்ந்த இரவில் துளைகளைத் திறந்து, பெற்ற வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி உயிரணுக்களுக்குள் சேமித்து வைக்கின்றன. விடிந்தபின் துளைகளை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சிதைத்து, ஒளியின் துணையோடு சர்க்கரை ஆக்குகின்றன. விடியலில் புளிப்பு மிகுந்திருப்பதும் நண்பகலில் இல்லாமற்போவதும் இதனால்தான். இந்தச் செயல்முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் படிப்படியாகத் தெளிவுபட்டது. இதற்குச் சூட்டப்பட்ட பெயரில் கிராசுலேசிக் குடும்பத்தின் பெயரே இடம்பெற்றிருக்கிறது. அன்னாசி, கற்றாழை, சப்பாத்திக்கள்ளி ஆகியவையும் இம்முறையிலேயே உணவு ஆக்குகின்றன.

ஹெய்ன் இலையைச் சுவைத்த காலத்தை ஒட்டியே ஜெர்மனியின் வைமார் நகரில் இன்னொருவர் அதே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கவிஞர் கதே 1790-இல் எழுதிய தாவர உருமாற்றம் பற்றிய நூலில், செடியின் உறுப்புகள் அனைத்தும் இலை என்ற ஒரே அடிப்படை வடிவத்தின் மாறுபாடுகளே என்று வாதிட்டிருந்தார். ஓர் இலையின் விளிம்பில் வேரும் தண்டும் இலைகளும் கொண்ட முழுச்செடியே பிறப்பதைக் கண்டபோது, தம் கருத்துக்கு இயற்கையே சாட்சி சொல்வதாக அவர் உணர்ந்தது இயல்பே. அவர் இச்செடியை வீட்டில் வளர்த்தார், ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார், குட்டிச் செடிகளை நண்பர்களுக்கு அனுப்பினார். 1826-இல் பிராங்க்பர்ட்டில் வாழ்ந்த மரியான் பொன் வில்லமர் என்ற தோழிக்கு, வளர்க்கும் முறையைச் சொல்லும் கவிதை ஒன்றுடன் குட்டிச் செடிகள் சென்றன. ஜெர்மானியர் இன்றும் இதைக் கதேச் செடி என்றே அழைக்கிறார்கள். பெருந்தோட்டத்துக்கு உரியதாக இருந்த வெப்பநாட்டுச் செடி வீட்டுச் சன்னலுக்கு இடம்பெயர்ந்ததில், கையிலிருந்து கைக்குப் போன இத்தகைய அன்பளிப்புகளுக்குப் பெரிய பங்கு உண்டு. தமிழகத்தில் ரணகள்ளி பரவிய வழியும் இதுவே. புத்தகத்துக்குள் வைத்த மயிலிறகு குட்டி போடும் என்று காத்திருக்கும் பிள்ளைகளுக்கு, உண்மையிலேயே குட்டி போடும் ஓர் இலையை எடுத்துத் தரும் பெரியவர் எத்தனையோ ஊர்களில் இருந்திருக்கிறார்.

இலை எவ்வாறு குட்டி ஈனுகிறது என்ற கேள்விக்கு மூலக்கூறு அளவில் விடை கிடைக்க வெகுகாலம் ஆனது. ரணகள்ளியின் உறவினமும் மடகாஸ்கரைச் சேர்ந்ததுமான டைகிரிமாண்டியானா என்ற கலஞ்சோவில், விதைக்குள் கருவை உருவாக்கும் மரபணுக்கள் இலை விளிம்பிலும் செயல்படுவதை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. விதைக்குரிய ஆற்றலை இலைக்கு மாற்றிக்கொண்ட அந்த இனம், முளைக்கும் விதை உண்டாக்கும் திறனை இழந்துவிட்டது என்பதும் அதில் தெரியவந்தது. இந்த எளிய பெருக்கத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அழகுக்காக ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சில கலஞ்சோக்கள் குவீன்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் வேலி தாண்டி மேய்ச்சல் நிலங்களில் பரவின. அவற்றில் இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் இருப்பதால், மேய்ந்த மாடுகள் மடிந்தன. வீட்டில் ஆடு மாடோ பூனை நாயோ வளர்ப்பவர்கள் கலஞ்சோவை அவற்றுக்கு எட்டாத இடத்தில் வைப்பதே முறை.

பூவுக்காக விற்கப்படும் கலஞ்சோவின் கதை மடகாஸ்கரின் வடக்கே சாரத்தனானா மலைத்தொடரில் தொடங்குகிறது. அத்தீவின் தாவரங்களைத் தம் வாழ்நாள் பணியாகத் திரட்டிய பிரெஞ்சுக்காரர் ஆன்ரி பெரியே டெ லா பாத்தி அங்கே கண்டெடுத்த ஒரு சிறு செந்நிறப் பூச்செடி, பெர்லினை அடுத்த பாட்ஸ்டாம் நகரின் விதை வணிகர் ராபர்ட் பிளாஸ்பெல்டின் கைக்கு வந்தது. அவர் 1932-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1934-இல் பொன் பெல்னிட்ஸ் என்ற ஜெர்மானியத் தாவர அறிஞர் அதற்குப் பிளாஸ்பெல்டியானா என்று பெயர் சூட்டினார். கண்டெடுத்தவரை விட்டு விற்றவரின் பெயர் செடிக்கு அமைந்தது நியாயம்தானா என்று கேட்கத் தோன்றும். ஆயினும் காட்டில் சில பாறைகளில் மட்டும் வளர்ந்த செடியை உலகின் வீடுகளுக்குக் கொண்டுசேர்த்தது அந்த வணிகம்தான்.

பனிக்காலத்தில், வேறு பூக்கள் அரிதான நாள்களில், வாரக்கணக்கில் வாடாமல் நிற்கும் செந்நிறக் கொத்தை ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். அது பனிக்காலத்தில் பூப்பதற்கான காரணம் அதற்குச் சற்று முன்புதான் உலகுக்குத் தெரியவந்திருந்தது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கார்னர், அலார்டு என்ற இருவர், கோடையில் ஆளுயரம் வளர்ந்தும் பூக்காத ஒரு புகையிலை வகையை ஆராய்ந்து, பூப்பதை முடிவுசெய்வது பகல் இரவுகளின் நீளமே என்று 1920-இல் அறிவித்தனர். ஒளிக்காலத்துவம் எனப்படும் இந்நிகழ்வில் செடி உண்மையில் அளப்பது இடையறாத இருளின் நீளத்தையே என்பது 1938-இல் வேறொரு செடியைக் கொண்டு நிறுவப்பட்டது. நள்ளிரவில் சிறிது நேரம் ஒளி பட்டாலும் நீண்ட இரவு இரண்டு குறுகிய இரவுகளாகவே செடிக்குக் கணக்காகிறது. கலஞ்சோ நீளிரவில் பூக்கும் வகை. கெட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் ஹார்டர் இச்செடியைத் தம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டு, ஒரே ஓர் இலைக்கு மட்டும் நீண்ட இருளைத் தந்தாலும் செடி பூப்பதைக் காட்டினார். இருளை உணர்வது இலை, பூப்பது தண்டின் நுனி. இரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு செய்தி பயணம் செய்தாக வேண்டும் என்ற முடிவுக்கு இத்தகைய சோதனைகள் வலுச் சேர்த்தன. மேலும், இதன் இதழ்கள் தொடர் இருளில் வைக்கப்பட்டாலும் நாளுக்கொரு முறை விரிந்து கூம்புவதால், உயிர்களுக்குள் இயங்கும் கடிகாரத்தை ஆராய்ந்தவர்களுக்கும் இது பயன்பட்டது.

ஆய்வகத்தின் இந்த அறிவை வணிகம் உடனே எடுத்துக்கொண்டது. கண்ணாடிக் கூடத்தில் மாலையில் கறுப்புத் துணியால் மூடி, மறுநாள் காலையில் திறந்து, நாளுக்கு 14 மணி நேர இருளை ஆறு வாரம் தந்தால், கோடையிலும் கலஞ்சோ அரும்பு கட்டும். போத்து, அதாவது நடுவதற்கான தண்டுத் துண்டு, எடுக்கும் தாய்ச்செடிகள் பூக்காமலிருக்க இரவில் விளக்கேற்றி வைத்தாலே போதும். தொடக்கத்தில் விதையிலிருந்து வளர்க்கப்பட்ட செடி, பிற இனங்களோடு கலப்புச் செய்யப்பட்டுப் பல நிறங்களைப் பெற்றபின் போத்திலிருந்தே பெருக்கப்பட்டது. டென்மார்க்கும் நெதர்லாந்தும் இத்தொழிலின் மையங்களாயின. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சிறு ரோசாவைப் போன்ற அடுக்குப் பூ வகைகளும் வந்தன. இந்த வெற்றி வேறொரு வழக்கத்தையும் கொண்டுவந்தது. பூத்த நிலையிலேயே ஆண்டு முழுதும் கிடைப்பதால், பூ முடிந்தவுடன் செடியையும் எறிந்துவிட்டுப் புதிது வாங்குவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. நீர்ப் பஞ்சத்தைத் தாங்கிப் பல்லாண்டு வாழப் படைக்கப்பட்ட செடியைச் சில வாரங்களில் முடிந்துபோகும் பொருளாக்கியது வணிகத்தின் குறை; அதைத் திருத்தும் வழி வீட்டில் வளர்ப்பவர் கையிலேயே இருக்கிறது.

சென்னையில் ஆண்டின் மிக நீண்ட இரவு பன்னிரண்டரை மணி நேரத்துக்குச் சற்றே மிகும். கார்த்திகை முதல் கூடும் அந்த இருளும் அக்காலத்துக் குளிர்ச்சியும் சேர்ந்தால், கறுப்புத் துணி இல்லாமலே தை, மாசியில் பூ வரும். தெருவிளக்கோ வீட்டு விளக்கோ இரவெல்லாம் படும் இடத்தில் வைத்த செடி, எவ்வளவு எரு இட்டாலும் இலையை மட்டுமே தரும். பூ முடிந்தபின் காம்புகளைக் கிள்ளிவிட்டு, பூக்காத கிளைகளில் விரல் நீளத்துக்குப் போத்து வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் வைத்து, செம்மண்ணும் ஆற்றுமணலும் மக்கிய எருவும் கலந்த தொட்டியில் நட்டால், சில வாரங்களில் வேர் பிடிக்கும். ரணகள்ளியைப் போல இதன் இலை விளிம்பில் குட்டி வராது என்பதால் போத்தே நம்பகமான வழி. மேல்மண் நன்கு காய்ந்தபின் மட்டும் நீர் ஊற்ற வேண்டும். வீடுகளில் கலஞ்சோ சாவது பெரும்பாலும் வறட்சியால் அன்று, வேர் அழுகியே. அடுத்த முறை பூ வாடிய கலஞ்சோத் தொட்டியைக் குப்பைக்கு அனுப்புமுன், அதிலிருந்து நான்கு போத்துகளை வெட்டி நடுங்கள். இரண்டை அண்டை வீட்டுக்குக் கொடுங்கள்.