பேட்டா கேட்டவர்கள்

1998 டிசம்பரில் பாங்காக்கில் இந்திய ஆண்கள் ஹாக்கி அணி ஆசிய விளையாட்டுத் தங்கத்தை வென்றது. அதற்கு முந்தைய தங்கம் 1966இல், அதுவும் பாங்காக்கில்தான். 32 வருடம் காத்திருந்து கிடைத்த வெற்றி. தென் கொரியாவுடன் இறுதி ஆட்டம் 1-1 என்று நின்று, டை பிரேக்கரில் கோல்கீப்பர் ஆஷிஷ் பல்லால் கைகொடுத்துத்தான் முடிவு வந்தது. கேப்டன் தன்ராஜ் பிள்ளை. நம் சென்னையின் முகமது ரியாஸும் அந்த அணியில் இருந்தார். ஆவடியில் எங்கள் தெருவில் அன்று இரவு வெடி வெடித்தோம்.

அந்த வெடிக் குப்பையைக் கூட்டி அள்ளி அதிக நாள் ஆகவில்லை. தன்ராஜும் இன்னும் ஆறு பேரும் அடுத்த அணியில் இல்லை என்று பேப்பரில் வந்தது. மூத்தவர்களுக்கு ஓய்வு தந்திருப்பதாக இந்திய ஹாக்கி சம்மேளனம் சொன்னது. பயிற்சியாளர் எம்.கே. கௌஷிக்கும் போய்விட்டார். ஹாக்கி ஆடிய யாரும் அந்தக் காரணத்தை நம்பவில்லை. வெளிநாட்டுப் பயணத்துக்கான படி, அதாவது பேட்டா, போதவில்லை, ஒழுங்காகக் கொடுப்பதில்லை, வசதி இல்லை என்று தன்ராஜ் வெளிப்படையாகப் பேசியிருந்தார். அதற்கான தண்டனை இது என்று எங்களுக்கெல்லாம் புரிந்தது. அப்போது சம்மேளனத்தின் தலைவர் கே.பி.எஸ். கில், செயலாளர் நம் தமிழ்நாட்டின் கே. ஜோதிகுமரன்.

தன்ராஜின் கோபத்தைத் திமிர் என்று எழுதியவர்கள் உண்டு. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். அதற்குக் காரணம் அவர் வளர்ந்த இடம். புனே அருகே கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலைக் குடியிருப்பில் தமிழ்க் குடும்பத்தில் 1968இல் பிறந்தவர். அப்பா நாகலிங்கம் அங்கே மைதானத்தைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். பெரியவர்கள் உடைத்துப் போட்ட மட்டையையும் தூக்கியெறிந்த பந்தையும் வைத்து, புழுதித் தரையில் கற்றுக்கொண்ட ஆட்டம் அவருடையது. அந்நாளில் பேர் வாங்கிய முகமது ஷாஹித்தைப் போல ஆட வேண்டும் என்பதுதான் ஆசை. ஆவடியில் டேங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், உடைத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் விளக்கம் தேவைப்படாது. 1965இல் முதல் விஜயந்தா டேங்க் வெளியே வந்த ஊர் இது. சைரன் சத்தத்துக்கு எழுந்து, ஷிஃப்ட் முடித்து வந்த அப்பாமார் மைதானத்தில் மட்டை பிடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட வீட்டில் பேட்டா என்பது மாதச் செலவுக்கான பணத்தின் ஒரு பகுதி. அது குறைந்தால் கேட்டே ஆக வேண்டும்.

அந்தக் கோபக்கார இளைஞனைச் சரியாகக் கையாண்டவர்களும் இருந்தார்கள். எண்பதுகளின் நடுவில் அண்ணன் ரமேஷ் அவரை மும்பைக்கு அழைத்துக்கொண்டார். ரமேஷ் அங்கே ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டிருந்தவர். பிறகு தன்ராஜ் மஹிந்திரா அணிக்குப் போனார். அங்கே ஜோக்கிம் கார்வாலோ பயிற்சி கொடுத்தார். கூடவே இருக்கும் அண்ணன், ஆட்டம் தெரிந்த கோச், ஆடுவதற்கு ஓர் அணி. ஒரு பையனின் ஆத்திரம் கோல் ஆவதற்கு இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் தேவையில்லை. 1989இல் இந்தியாவுக்கு ஆடத் தொடங்கியவர், நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு பார்த்தார். 1996 டிசம்பரில் சாம்பியன்ஸ் டிராபி சென்னைக்கு வந்தபோது ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், எழும்பூர் ராதாகிருஷ்ணன் மைதானத்துக்கு நடந்து போய்ப் பார்த்தோம். புது டர்ஃபில் அவர் முடியைப் பறக்கவிட்டு ஓடியது இன்னும் கண்ணில் இருக்கிறது.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் ஹாக்கியைத் தாங்கிப் பிடித்தது வேலைதான். ஐ.சி.எஃப் 1955இல் ரயில் பெட்டி கட்டத் தொடங்கியது. ரயில்வேயும் வங்கிகளும் தொழிற்சாலைகளும் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஆள் எடுத்தன. மேட்ச் நாட்களுக்கு ஸ்பெஷல் கேஷுவல் லீவ். வெளியூர் போனால் பேட்டா. வருடத்துக்கு ஒரு கிட். நிரந்தர வேலை கிடைத்தவன் தப்பித்தான். இன்னும் கிடைக்காதவன், உதவித்தொகைக்கு ஆடிக்கொண்டு நாளைக்கு எடுப்பார்கள் என்று காத்திருப்பவன், மேனேஜரின் முகத்தைப் பார்த்தே இருக்க வேண்டும். வழக்கத்தின் பலவீனமான இடம் அதுதான். அணியின் மிக வேகமான கால்கள் பெரும்பாலும் அந்தக் காத்திருக்கும் பையனுடையவை.

நான் ஆடிய அணியின் பெயர் வேண்டாம். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் எங்களுக்கு ரைட் அவுட். பத்தொன்பது வயது. பந்தை ஒரு தட்டு தட்டிவிட்டுக் கோட்டோரமாக ஓடினால் ஃபுல்பேக் திரும்புவதற்குள் தாண்டிவிடுவான். வெளியூர்ப் போட்டி ஒன்றில் எங்களுக்கு வர வேண்டிய பேட்டாவில் பாதிதான் கைக்கு வந்தது. எல்லோரும் முணுமுணுத்தோம். அவன் மட்டும் சாப்பாட்டு மேஜையில் எழுந்து, “சார், மீதி எப்போ?” என்று கேட்டான். அடுத்த ஆட்டத்தில் அவன் வெளியே. அதற்கடுத்ததிலும் வெளியே. “பையனுக்கு வாய் ஜாஸ்தி” என்றார் மேனேஜர். நாங்கள் நான்கு பேர் போய் அவரிடம் பேசினோம். மற்றவர்கள் வரவில்லை. அவர்களுக்கும் வீடு இருக்கிறது, வேலை நிரந்தரமாகவில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. கொஞ்ச நாளில் அவன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ரோலிங் மில்லில் காண்ட்ராக்ட் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு அந்த ரைட் அவுட் இடத்தில் யார் யாரோ ஆடினார்கள். அப்படி ஓடிய ஒருவனை நான் மறுபடி பார்க்கவில்லை.

தன்ராஜை அப்படித் தொலைக்க முடியவில்லை. பெயர் அவ்வளவு பெரிதாக இருந்தது. 1999 தொடக்கத்தில் அவர் இல்லாமல் பாகிஸ்தானுடன் ஆடிய தொடரை இந்தியா இழந்தது. வாசுதேவன் பாஸ்கரன் பயிற்சியாளராக இருந்த 2000 சிட்னி ஒலிம்பிக் அணியில் தன்ராஜ் இருந்தார். 1980 மாஸ்கோ தங்கத்தின் கேப்டன் பாஸ்கரன், அவரும் சென்னைக்காரர். சிட்னியில் போலந்துக்கு எதிராக ஆட்டம் முடியும் நேரத்தில் விட்ட ஒரு கோலால் அரையிறுதி கைநழுவியது. 2003இல் கோலாலம்பூரில் தன்ராஜ் தலைமையில் ஆசியக் கோப்பை வந்தது. ஓய்வு கொடுத்து ஒதுக்கப்பட்டவர் அதற்குப் பிறகு ஆடிய ஆட்டம் இவ்வளவு.

அவரை உருவாக்கிய கார்வாலோ இந்திய அணியின் பயிற்சியாளராகி, 2007இல் அதே எழும்பூர் மைதானத்தில் தென் கொரியாவை 7-2 என்று வென்று ஆசியக் கோப்பையை எடுத்தார். ஆறே மாதத்தில் சிலியில் பிரிட்டனிடம் தோற்று, இந்திய ஹாக்கி முதல்முறையாக ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. கார்வாலோ விலகினார். கில் விலகவில்லை. 2008 ஏப்ரலில், அணித் தேர்வுக்குப் பணம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டு ரகசிய கேமரா பதிவோடு ஜோதிகுமரன்மேல் வந்தது. அவர் பதவி விலகினார். சம்மேளனத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் சஸ்பெண்ட் செய்தது. பணம் பற்றிப் பேசியதற்காக வீரர்களை வெளியே உட்காரவைத்த அமைப்பு, பணம் பற்றிய குற்றச்சாட்டில்தான் விழுந்தது.

2010 ஜனவரியில் இந்திய அணியின் புனே முகாமில் நடந்ததுதான் என் பார்வையில் பெரிய திருப்பம். டெல்லி உலகக் கோப்பைக்குச் சில வாரங்களே இருந்தன. நிலுவைப் பணம் வராமல் பயிற்சிக்கு இறங்க மாட்டோம் என்று கேப்டன் ராஜ்பால் சிங் உட்பட முகாமில் இருந்தவர்கள் ஒன்றாக நின்றார்கள். தன்ராஜ் பிறந்த கட்கி அங்கிருந்து பக்கம்தான். இந்த முறை யாருக்கும் ஓய்வு தர முடியவில்லை. தந்தால் உலகக் கோப்பைக்கு அனுப்ப ஆள் இல்லை. பணம் வந்தது, ஆட இறங்கினார்கள். பதினோரு வருடம் முன்பு ஏழு பேர் ஒதுக்கப்பட்டபோது நடக்காதது, மொத்த முகாமும் நின்றபோது சில நாட்களில் நடந்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையிலும் நான்கு பேருக்குப் பதில் பதினாறு பேரும் போயிருந்தால் அந்தப் பையன் அடுத்த ஆட்டத்தில் ஆடியிருப்பான் என்று நான் நிச்சயமாக நம்புகிறேன்.

திருவள்ளூர் மாவட்டத்தில் அணி நடத்துகிற மேனேஜர்களிடமும் பி.டி. மாஸ்டர்களிடமும் என் வேண்டுகோள் இது: வண்டி ஏறுமுன் ஆளுக்கு எவ்வளவு பேட்டா என்று எழுதி ஒட்டுங்கள். ஒரு பையனை வெளியே உட்காரவைத்தால் காரணத்தை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பையன்களே, உங்களில் ஒருவன் எழுந்து கேட்டால் கூடவே எழுந்து நில்லுங்கள்.