பாரவண்டிக்காரர் (பெரம்பலூர், அரியலூர் வட்டாரம்)

லாரிகள் பெருகுவதற்கு முன், பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களில் பருத்தியையும் நிலக்கடலையையும் தானியங்களையும் காளை பூட்டிய வண்டியில் சந்தைக்கும் ரயிலடிக்கும் கொண்டுசென்று ஜீவனம் நடத்தியவர். விழுப்புரம்–திருச்சிராப்பள்ளி குறுக்குப்பாதை 1920களின் இறுதியில் அரியலூர் வழியே அமைந்ததாயினும், பெரம்பலூருக்கு இருப்புப்பாதை வாய்க்காமையால், இடைப்பட்ட சுமார் 30 கி.மீ. தூரம், மணிக்கு 4 கி.மீ. நடக்கும் பாரவண்டிக்கு ஓர் இரவுப் பிரயாணமாகவே இருந்தது. வெயில் காளைகளை வாட்டும் என்பதால் பொழுது சாய்ந்தபின் வண்டி பூட்டி, அடியில் லாந்தரைத் தொங்கவிட்டு, பல வண்டிகள் வரிசையாகச் செல்வது வழக்கம்; முன்வண்டியின் தடம்பற்றிப் பின்வண்டிக் காளைகள் தாமே நடக்கும்.

இத்தொழிலின் உண்மையான வித்தை ஓட்டுவதில் அன்று, பாரம் ஏற்றுவதிலேயே இருந்தது எனலாம். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி கழுத்தை நசுக்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இவ்விரண்டுக்கும் இடையே சமநிலை கண்டு, மேட்டில் ஏறும்போது முன்னே நகர்ந்தும் இறக்கத்தில் பின்னே சரிந்தும் தம் உடலையே எடைக்கல்லாக்கிக்கொண்ட அந்த மனிதரின் நுண்ணறிவு பெரிதும் போற்றத்தக்கது. மழைக்காலத்தில் கரிசல் மண் சக்கரத்தைக் கவ்வினால் அவரே இறங்கி ஆரக்காலுக்குத் தோள் கொடுப்பார். அச்சுக்கு மசகும், குளம்புக்கு லாடமும், காளைக்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் வாங்கியபின் எஞ்சிய கூலியே குடும்பத்துக்கு.

பின்னர் மரச்சக்கரம் டயருக்கும், காளை டிராக்டருக்கும் இடம் கொடுத்தன.